மஞ்சளுக்கு அடுத்த கட்டம்

சின்னவளுக்கும் சின்னவனுக்கும் இதை எழுதுகிறேன். அன்று காலை நீங்கள் இரண்டு பேரும் ஏழு மணி வரை தூங்கினீர்கள். தூங்கியது தப்பில்லை. ஆனால் தூங்கினவர்கள்தான் அந்தக் கதையை அதிகமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பொங்கலுக்கு வந்த மாமாவிடம், "அக்கா போன் ஆப்ப கெடுத்துட்டா, அம்மா பஸ்ஸ வுட்டுட்டாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதில் மூன்று தப்பு இருக்கிறது. அக்கா ஆப்பைக் கெடுக்கவில்லை, சரிசெய்தாள். அம்மா பஸ்ஸை விடவில்லை. மூன்றாவது தப்பு, அந்தக் கதையில் நான் வரவே இல்லை.

நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். ரோலிங் மில்லில் ஒரு மெஷின் நின்றால், எப்போது நின்றது, எதனால் நின்றது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ரிப்போர்ட் எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதத் தெரியும்.

முதலில் அம்மா வேலை செய்யும் கம்பெனியின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. அம்மா அங்கே அப்போது கான்ட்ராக்ட். ஒரு வருஷம் முழுக்க, சொல்லாமல் ஒரு நாள்கூட நிற்காதவர்களை மட்டும்தான் பர்மனெண்ட் ஆக்கக் கூப்பிடுவார்கள். நடுவில் ஒரு நாள் நின்றால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அம்மா இரண்டு தடவை அப்படி முதலிலிருந்து எண்ணியவள். ஒரு தடவை சின்னவனுக்கு அம்மை போட்டது. அப்போது பதினோராவது மாதம். இன்னொரு தடவை சின்னவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். நாஷ்டா சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனதால் விழுந்தாள். இதை யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது, எழுதினேன்.

நான் சொல்லும் இந்தக் காலை, மூன்றாவது தடவை எண்ணும்போது வந்தது. வருஷம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு பத்துக்கு கேட்டில் கார்டு மெஷினை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தவர், வராதவர். ஆனால் கம்பெனி பஸ்ஸில் வந்து பஸ்ஸே லேட்டானால், அது பஸ்ஸின் தப்பு. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்தவர்கள்தான். எத்தனை மணிக்கு வந்தாலும் மெஷினைத் திறந்து கார்டு போட விடுவார்கள். நம் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் இது உண்டு. எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனி நிற்காமல் ஓடுகிற கம்பெனி. ஞாயிறு, திங்கள் என்று அதற்குக் கிடையாது. ஆறு நாள் வேலை, இரண்டு நாள் ஆஃப். பிறகு ஷிப்ட் மாறி மறுபடி ஆறு நாள். ஆஃப் ஒரு வட்டம் செவ்வாயில் விழும், அடுத்த வட்டம் புதனில் விழும். கிழமையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் பெரியவள், அதாவது உங்கள் அக்கா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் போனில் அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தாள். அப்போது அவள் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்த புதிது.

அந்த ஆப்பை யாரும் விற்கவில்லை. அயர்லாந்தில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்சம்மா, தன் டூட்டி எப்போது வருகிறது என்று பார்க்கத் தானே எழுதியது. எழுதி, அதன் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்திக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்றாள் பெரியவள். வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் பல ஊர்க்காரர்கள் அதைக் கவனித்துக்கொள்கிறார்கள், யாருக்கும் சம்பளம் இல்லை என்றாள். எங்கள் மில்லில் சம்பளம் கொடுத்தே கிரீஸ் வைக்க ஆள் வருவதில்லை என்று நான் சொன்னேன். அவள் அதில் முதலில் தமிழ் எழுத்துகளைப் போட்டாள். அப்புறம் சின்னச் சின்ன ரிப்பேர் செய்தாள். ஒரு வருஷத்தில், அந்த நர்சம்மா இவளைக் கேட்காமல் எதையும் மாற்றாத அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆப்பைத் திறந்தால் மாதம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். காலை ஷிப்ட் பச்சை, மதிய ஷிப்ட் நீலம், ஆஃப் சிவப்பு. இன்றைய கட்டத்தைச் சுற்றி மட்டும் மஞ்சள் கோடு இருக்கும். அம்மா பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். புதுவாயல் கூட்ரோட்டில் அதே பஸ் ஏறுகிற பெண்களுக்கும் நான் எடுத்துச் சொல்லி, அம்மாவோடு சேர்த்துப் பத்து பேர் போனில் போட்டுக்கொண்டார்கள்.

பதினோராவது ஆள் போடவில்லை. அவர் காலண்டர் அக்கா. மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில், ஒவ்வொரு தாளிலும் சிவப்பு இங்க் பேனாவால் 'வேலை', 'வூடு' என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர். "அந்தப் பொட்டி சார்ஜ் இல்லன்னா சொல்லாது. என் தாளு கரண்ட் போனாலும் சொல்லும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஏற்கெனவே பர்மனெண்ட் ஆனவர்.

போட்ட ஒரு வாரத்தில் அம்மா ஒன்று கண்டுபிடித்தாள். காலை ஷிப்டுக்கு நாலேகாலுக்கு எழுந்து ஆப்பைத் திறந்தால் மஞ்சள் கோடு நேற்றைய கட்டத்திலேயே இருக்கிறது. வேலைக்குப் போய் மறுபடி பார்த்தால் நகர்ந்து இன்றைக்கு வந்துவிடுகிறது.

"இன்னாங்க இது, இன்னிக்கி தேதிய காட்ட மாட்டேங்குது?"

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அதுக்கு இன்னும் விடியல. டியூப்லைட் மாதிரிதான், கொஞ்சம் லேட்டாதான் புடிக்கும். நீ விடியறதுக்கு முன்னாடி பார்த்தா மஞ்சளுக்கு அடுத்த கட்டத்த பாரு. விடிஞ்ச பின்னாடி மஞ்சளயே பாரு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அம்மா அப்படியே பார்த்தாள். மற்ற ஒன்பது பேருக்கும் அம்மா சொன்னாள். அதில் ஒருத்தி வேலையை விட்டு, அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தபோது நானே கூட்ரோட்டில் நின்று விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு வருஷம் பத்து பேரும் விடிவதற்கு முன்னால் மஞ்சளுக்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு நாளும் தப்பு வரவில்லை. பெரியவளுக்கு இது தெரியாது. மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவள் எழுந்திருப்பதும் ஆறு மணிக்குத்தான்.

இப்போது அக்கா செய்த வேலைக்கு வருகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் லேப்டாப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். என்ன என்று கேட்டேன்.

"நைனா, தேதி கணக்கு போடறத நம்ம ஆப் தானா செய்யல. வேற ஒருத்தர் எழுதி வெச்சத எடுத்து உள்ள மாட்டியிருக்குது. அத எழுதினவரு அஞ்சாறு வருஷமா அந்தப் பக்கமே வரல. இனிமே வர்ற புது போன்ல அது ஏறாது. ஆப்பே தொறக்காது."

"பேரிங் மாதிரி. நாம செய்யறதில்ல, வாங்கித்தான் போடறோம். கம்பெனி அந்த சைஸ நிறுத்திட்டான்."

"ஆங். அதான். டிபென்டன்சின்னு சொல்லுவாங்க. புதுசு போடணும்."

"போட்டுடு."

"போட்டுடுன்னா? பழசு எப்படி எப்படி நடந்துக்குச்சுன்னு பார்த்துக்கினுதான் போடணும்."

இந்த இடத்தில் அவள் சொன்னது சரி. என்னைவிட நல்ல ஃபிட்டர். மூன்று வாரம் பார்த்தாள். காலேஜ் முடிந்து ரயிலில் வரும்போதும் பார்த்தாள். பழைய கணக்கைக் கழற்றி, புதுக் கணக்கை மாட்டி, ஓட்டி, பிழை வந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். பழசு உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றும், புதுசு அந்தந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கும் என்றும் சொன்னாள். நான் நல்லது என்றேன். நர்சம்மா வேலையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். தினமும் இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதனால் ஏதாவது மாறுமா, கேட்டுச் சொல்லு.

அவளுக்குத் தெரிந்து தினமும் பயன்படுத்துகிறவர்கள் நம் வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா மதிய ஷிப்டில் இருந்தாள். அதனால் என்னிடம் கேட்டாள்.

"நைனா, நல்லா யோசிச்சி சொல்லு. அந்த ஆப்புல எதுனா கோளாறு இருக்குதா? அம்மா, கூட வர்ற அக்காங்க, யாராவது எதுனா சொல்லிக்கினு இருந்தாங்களா?"

நான் நன்றாகத்தான் யோசித்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டே யோசித்தேன்.

"ஒரு கோளாறும் இல்லமா. ரெண்டு வருஷமா தங்கமா ஓடுது."

அவள் அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள்.

புதுசு வந்தது. அன்று அம்மாவுக்குக் காலை ஷிப்டில் ஐந்தாவது நாள். மறுநாள் ஆறாவது நாள், அதற்கு அடுத்த நாள்தான் ஆஃப். இது இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. ஐந்து நாள் நாலேகாலுக்கு எழுந்தவர்களுக்கு எது ஐந்து, எது ஆறு என்று அவ்வளவு நிச்சயமாக இருக்காது. சாயங்காலம் பெரியவள், புதுசு வந்துவிட்டது, எல்லோரையும் அப்டேட் போடச் சொல்லு என்றாள். அவளுடைய வேலை உலகத்துக்கே போகிறது என்று எனக்குப் பெருமை. வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் மூன்று தெருவிலும் வீடு வீடாகப் போனேன். போட்டுக்கிறேண்ணா என்று சொன்னவர்களைக்கூட விடவில்லை. போனை வாங்கி, பட்டனை நானே அமுக்கி, முழுசாக ஏறும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒன்பது வீட்டில் நாலு வீட்டில் டீ கொடுத்தார்கள்.

மறுநாள் நாலேகாலுக்கு அம்மா எழுந்தாள். ஆப்பைத் திறந்தாள். மஞ்சள் கோடு இன்றைய கட்டத்தில் இருந்தது. பச்சைக் கட்டம். அம்மா வழக்கம்போல அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். சிவப்பு.

"அட, இன்னிக்கி ஆஃப்பு" என்றாள்.

"அதுக்குள்ளயா?" என்றேன்.

"ஆறு நாள் ஓடினதே தெரியல."

தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஆப்பைத் தேதி பார்க்க யாரும் திறப்பதில்லை. வேலை என்று காட்டியிருந்தால் இன்னொரு தடவை பார்த்திருப்பாள். ஆஃப் என்று காட்டினால் யாரும் இன்னொரு தடவை பார்ப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நானும் படுத்தேன்.

ஐந்து மணி பதினெட்டு நிமிஷத்துக்கு அம்மாவின் போன் அடித்தது. காலண்டர் அக்கா. அவர் பேசுவது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"இன்னாடி, எங்க கீற? பஸ்ஸு வந்து நிக்குது. ஒருத்தியும் இல்ல. நான் மட்டும் மொட்டையா நின்னுக்கினு கீறேன். ஊர்ல எதுனா பந்த்தா?"

"இன்னிக்கி நமக்கு ஆஃப்புக்கா."

"யாரு சொன்னா?"

"ஆப்பு."

"என் தாளுல 'வேலை'ன்னு கீது. நாளிக்கிதான்டி 'வூடு'."

அம்மா ஆப்பைத் திறந்தாள். எழுந்து விளக்கைப் போட்டாள். பெரியவளை எழுப்பினாள். பெரியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்து, "சரியாதானம்மா காட்டுது. மஞ்சள் கட்டம் பச்சையா இருக்குது. காலை ஷிப்டு" என்றாள்.

"மஞ்சளுக்கு அடுத்தது சிவப்புடி!"

"அடுத்தது நாளிக்கிமா. அத்த ஏன் பார்க்கற?"

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. மில்லில் ஒரு மெஷின் கீழே கையை விட்டால், உள்ளே உடைந்தது எது என்று விரலுக்குத் தெரியும் பாருங்கள், அந்த மாதிரி.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "கெளம்பு. பத்து நிமிஷத்துல ரெடியாவு. நான் நேரா கம்பெனி கேட்டுல வுட்டுடறேன். ஆறு மணிக்குள்ள போயிடலாம்."

போயிருக்கலாம். ஹைவேயில் அந்த நேரத்துக்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. அம்மாவின் வருஷம் பத்திரமாக இருந்திருக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா கம்பெனி கோட்டை நைட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சொன்னாள். "என்ன வுட்டுட்டு நீ திரும்பி வந்து, அவங்கள ஒவ்வொருத்தியா எழுப்பறதுக்குள்ள ஏழு மணி ஆயிடும். யோவ், நேத்து ஊடு ஊடா போய் பட்டன அமுக்கினியே, அதே மாதிரி போய் கதவ தட்டு. நான் பஸ்ஸாண்ட போறேன்."

"உனக்கு பத்தொம்போது நாளுதானே பாக்கி?"

"அவங்களுக்கும் ஏதோ பாக்கி கீது. போ."

பிறகு காலண்டர் அக்காவிடம் போனில், "அக்கா, பஸ்ஸ வுடாதக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் தெருவில் கத்திக்கொண்டே போனேன். பெரியவள் வீட்டிலிருந்து ஒவ்வொரு நம்பராகப் போன் அடித்தாள். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "இன்னிக்கி ஆஃப்புண்ணா." நான் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். "மஞ்சளயே பாரும்மா." ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் மாமியார் வந்து, "நேத்துதான் வந்து டீ குடிச்சிட்டு அடுத்த கட்டம்தான்னு சொல்லிட்டுப் போன?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். போகும்போது பேச்சுவாக்கில் அதையும் சொல்லியிருந்தேன்.

கூட்ரோட்டில் நடந்ததை அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

டிரைவர் அண்ணன் ஐந்து இருபதுக்கு பஸ்ஸை எடுக்க வேண்டியவர். காலண்டர் அக்கா வலது காலைப் படியில் வைத்தார், இடது காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறும்மா."

"முட்டி புடிச்சிக்கிச்சிப்பா."

"அப்போ எறங்கு."

"எறங்கவும் முடியல. புடிச்சிக்கிச்சின்னு சொல்றேன்ல?"

"நேத்து தாவி ஏறின?"

"நேத்து புடிக்கல."

பஸ் உள்ளே இருந்த மற்ற ஸ்டாப் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வந்தார்கள். தொடாதே, நரம்பு பிசகிவிடும் என்றாராம். படியில் ஒரு காலோடு ஆள் நிற்கும்போது எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். ஐந்தரை ஆனது. பழைய ஆப்பாக இருந்தால் மஞ்சள் அப்போதுதான் நகர்ந்திருக்கும்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒருத்தி வாயில் பேஸ்டோடு. ஒருத்தி தலையில் எண்ணெயோடு. ஆஃப் என்று நம்பி எண்ணெய் வைத்துவிட்டாள். ஏறுவதற்கு ஒவ்வொருத்தரும் காலண்டர் அக்காவின் கைக்குக் கீழே குனிந்து நுழைந்தார்கள். நான் கடைசிப் பெண்ணை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது ஐந்து நாற்பத்தேழு. அம்மா படிக்குக் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது பேர். பத்தாவது ஆள் நான் முன்பு விரலை வைத்துக் காட்டிக்கொடுத்த அந்தப் புதுப் பெண். ஆஃப் என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு முதல் ரயிலைப் பிடித்துவிட்டாள். பெரியவள் போன் அடித்தபோது ரயிலில் இருந்து பேசினாள்.

"எல்லாம் வந்துட்டாங்களா?" என்று காலண்டர் அக்கா கேட்டார்.

"ஒருத்தி வர மாட்டாக்கா."

"அப்போ முட்டி சரியாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்.

பஸ் ஆறு பன்னிரண்டுக்கு கேட்டுக்குள் போனது. டைம் ஆபீஸில் இருந்தவர் டிரைவரின் டிரிப் ஷீட்டைக் கேட்டார். காரணம் என்ற கட்டத்தில் டிரைவர் அண்ணன் எழுதியிருந்தார்: 'புதுவாயல், ஒரு அம்மாவுக்கு முட்டி பிடிப்பு, 27 நிமிஷம்.' டைம் ஆபீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார். எந்த அம்மா என்று கேட்டார். காலண்டர் அக்கா நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். டைம் ஆபீஸ்காரர் மெஷினைத் திறந்துவிட்டார். எல்லோரும் கார்டு போட்டார்கள்.

வீட்டில் பெரியவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் கேட்டாள்.

"நைனா. விடியறதுக்கு முன்னாடி தப்பா காட்டும்னு உனக்குத் தெரியுமா?"

"தப்பா காட்டாதும்மா. அடுத்த கட்டத்த பார்த்தா கரெக்டா இருக்கும்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா."

"கோளாறு எதுனா இருக்குதான்னு கேட்டேன்ல?"

"அது கோளாறுன்னு தோணல."

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். பிறகு விளக்கினாள். அந்த உலகக் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதனால் அந்த ஆப்புக்கு நம் ஊரில் காலை ஐந்தரைக்குத்தான் நாள் பிறந்தது. நர்சம்மாவின் ஊருக்கு அநேகமாக அதுவேதான் ஊர்க் கடிகாரம். அவர் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. நம் ஊரில் ஐந்தரைக்கு முன்னால் அதைத் திறந்து பார்த்தவர்கள் புதுவாயல் கூட்ரோட்டுப் பெண்கள் பத்து பேர். அவர்களுக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் இதே தப்பை நான் ஏற்கெனவே மில்லில் செய்திருக்கிறேன். ஹைட்ராலிக் மெஷினில் ஒரு பிரஷர் கேஜ், எப்போதும் பத்து அதிகமாகக் காட்டும். மாற்றச் சொல்லி எழுதிப்போடச் சோம்பல். பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் '10 கழி' என்று எழுதி வைத்தேன். ஒரு வருஷம் எல்லா ஷிப்டும் கழித்து ஓட்டினார்கள். அப்புறம் யாரோ ஒரு நல்லவர் புது கேஜ் மாட்டினார். அது சரியாகக் காட்டியது. சுவரில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. அரை நாள் சரக்கு வீணாகப் போனது. எழுதினது யார் என்று ஃபோர்மேன் கேட்டபோது மொத்த ஷிப்டும் என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகும் நான் பத்து பெண்களின் தலைக்குள் சாக்பீஸால் எழுதினேன்.

அன்று சாயங்காலம் பெரியவள் என்னை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, "நீயே சொல்லு, நான் எழுதறேன்" என்றாள். நான் சொன்னேன். டியூப்லைட் என்று சொன்னதையும் எழுதச் சொன்னேன். அவள் அதை விட்டுவிடலாம் என்றாள். ரிப்போர்ட் என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்றேன். மறுநாள் நர்சம்மாவின் பதில் வந்தது. இரண்டு வருஷமாக உங்கள் ஊர்ப் பெண்களைத் தவறான தேதியில் எழுப்பியதற்கு வருந்துகிறேன், முட்டி வலித்த அம்மாவுக்கு நன்றி சொல்லவும் என்று எழுதியிருந்தார். புதுசைத் திறந்தால் முதலில் ஒரு வரி வருகிற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள்: 'இனி விடிவதற்கு முன்னும் மஞ்சள் கட்டத்தையே பார்க்கவும்.' அது எல்லா மொழியிலும் எல்லா நாட்டுக்கும் போனது. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், இதுவரை வேறு எந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டு எழுதினார். பெரியவள் அதற்குப் பதில் போடவில்லை.

அந்தப் புதுப் பெண் வீட்டுக்கு நான் போனேன். அவளுக்கு நாலு மாதம் முடிந்திருந்தது, அது போய்விட்டது. தப்பு என்னுடையது, ஆப்பு சரியாகத்தான் காட்டியது என்று சொன்னேன். "பரவால்லண்ணா, ஆஃப்புன்னதும் நானும்தான் யோசிக்கல" என்றாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இதை எழுதும்போது அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. ஒரு நாளும் நிற்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து அம்மாவின் வருஷம் முடிந்தது. அதற்கு அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஆறு பேர் இருந்த லிஸ்டில் அம்மா நாலாவது. அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பெரியவள் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், "நைனா, எதுனா கோளாறு?" என்று என்னைக் கேட்பதில்லை. "நீங்க எல்லாம் அத்த எப்படி பார்க்கறீங்க?" என்று கேட்கிறாள். நான் கூட்ரோட்டில் நின்று ஒவ்வொருத்தரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒருத்தி இரண்டு தடவை மூடித் திறந்துதான் நம்புகிறாள். ஒருத்தி சிவப்புக் கட்டத்திலிருந்து பின்னால் எண்ணுகிறாள். பதினேழு விஷயம் எழுதி அனுப்பினோம். நர்சம்மா ஒன்றைத் திருத்தினார்.

பர்மனெண்ட் ஆன பிறகும் அம்மா நாலேகாலுக்குத்தான் எழுந்திருக்கிறாள். ஆப்பைத் திறக்கிறாள். மஞ்சள் கட்டத்தைப் பார்க்கிறாள். பிறகு போனைக் காதில் வைக்கிறாள்.

"அக்கா, இன்னிக்கி தாளுல இன்னா கீது?"

"வேலைதான்டி. கெளம்பு."